“எங்களுக்கு வெயில் பழகிட்டு”

நோர்வேயில் இருக்கிற மச்சான் ஒருத்தன் வட்ஸ்அப்பில் வீடியோ ஒன்று அனுப்பினான். பின்லாந்துக்காரர்கள் சோனா என்கிற, பலகை அடித்த சின்ன அறைக்குள் 80 பாகைச் சூட்டில் வியர்க்க வியர்க்க இருக்கிறார்கள். அடிக்கடி இப்படி இருந்தால் மறதி நோய் வராதாம், சீனி வருத்தம் குறையுமாம், இதயம் பலப்படுமாம். கீழே அவனுடைய குறிப்பு: “மச்சான், இவனுகள் காசு குடுத்துப் படுறத நீங்க ஓசியில படுறீங்க. நூறு வயசுக்கு இருப்பீங்க போல.”

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அதே வீடியோ ஊர்க் குழுக்களிலும் சுற்றத் தொடங்கியது. வீரமுனையில் ஒருவர், சம்மாந்துறையில் ஒருவர், நிந்தவூரில் ஒரு நானா என்று எல்லாரும் ஒரே கருத்து: “எங்களுக்கு வெயில் பழகிட்டு. ஒண்டும் செய்யாது.” இந்த வசனத்தைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. நான் டொக்டர் இல்லை. கொஞ்ச வயலும், கிடைத்ததை வாசிக்கிற பழக்கமும் உள்ள ஆள்.

வீடியோ பொய் சொல்லவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிழக்குப் பின்லாந்தில் குவோபியோ என்று ஒரு நகரம். அந்தப் பகுதியில் நடுவயது ஆண்கள் 2,315 பேரை ஏறத்தாழ 20 வருடம் பின்தொடர்ந்தார்கள். யாரி லௌக்கனென் என்ற மருத்துவரின் குழு 2017இல் முடிவை வெளியிட்டது. கிழமைக்கு 4 தொடக்கம் 7 தடவை சோனா போனவர்களுக்கு, ஒரு தடவை மட்டும் போனவர்களைவிட மறதி நோய் வந்தது 66 வீதம் குறைவு. கிழமையில் ஏழு நாளும் சோனாவுக்குப் போகக்கூடியவன் ஏற்கெனவே நல்ல உடம்புக்காரனாகவும் ஓய்வு உள்ளவனாகவும் இருப்பான் என்பதையும் சேர்த்துத்தான் இதை வாசிக்கவேண்டும். சீனி விடயத்தில் 1999இல் அமெரிக்காவில் பிலிப் ஹூப்பர் என்ற மருத்துவர் சின்னதாக ஒன்று செய்து பார்த்தார். சீனி வருத்தக்காரர் எட்டுப் பேரை நாளுக்கு அரை மணித்தியாலம், கிழமைக்கு ஆறு நாள், வெந்நீர்த் தொட்டியில் இருக்கவைத்தார். மூன்று கிழமையில், வெறுவயிற்றில் பார்க்கிற சீனி சராசரியாக 182இலிருந்து 159க்கு வந்தது. எட்டே எட்டுப் பேர்தான். ஆனாலும் கவனிக்கவேண்டிய இறக்கம்.

இது எப்படி நடக்கிறது? 1962இல் இத்தாலியில் ரித்தோஸா என்ற விஞ்ஞானி பழ ஈக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஈக்கள் இருந்த பெட்டியின் சூட்டை யாரோ தவறுதலாகக் கூட்டிவிட்டார்கள். ஈயின் மரபணு இழைகளில் வழமையில் சும்மா இருக்கிற சில இடங்கள் புடைத்து வேலை செய்யத் தொடங்கியிருந்ததை அவர் கண்டார். சூடு பட்டதும் உயிரணு சில பாதுகாப்புப் புரதங்களை அவசரமாகச் செய்கிறது என்பது பிறகு தெரியவந்தது. வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று அவற்றுக்குப் பெயர். சூட்டில் உருக்குலைகிற மற்றப் புரதங்களைப் பிடித்து நேராக்குவது இவற்றின் வேலை. தசையில் இவை கூடினால் இன்சுலின் சொல்வதைத் தசை கேட்கிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். மறதி நோயிலும் உருக்குலைந்த புரதங்கள் மூளையில் தேங்குவதுதான் பிரச்சினை என்பதால், சோனா ஆய்வை ஆட்கள் ஆர்வத்தோடு பார்க்கிறார்கள்.

சரி, அப்படியென்றால் எங்கட வயல் வட்டையில் நிற்கிறவனுக்கும் இது கிடைக்கவேண்டுமே?

சோனாவில் இருப்பவர் இருபது நிமிடத்தில் கதவைத் திறந்து வெளியே வருகிறார். வெளியே குளிர். குளிக்கிறார், தண்ணீர் குடிக்கிறார், இரவு குளிரான அறையில் நல்லாகத் தூங்குகிறார். உள்ளே இருந்தபோதும் அவர் மண்வெட்டி பிடிக்கவில்லை. எங்கட ஆளுக்கு அந்தக் கதவு இல்லை.

வைகாசி தொடக்கம் ஆவணி வரை இந்தப் பக்கம் கச்சான் அடிக்கும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கம் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, காய்ந்து, இறங்க இறங்கச் சூடேறி எங்களிடம் வருகிறது. காரைதீவுக் கடல் இங்கிருந்து சில கிலோமீற்றர்தான். கச்சான் பலமாக அடிக்கிற நாளில் கடற்காற்று ஊருக்குள் எட்டிப்பார்க்காது. சிறுபோகத்தில் கல்லோயாத் தண்ணீர் வந்து பயிர் நிமிர்கிற நேரமும் அதுதான். காலை பத்து மணிக்கு மருந்து தெளிக்கிற ஒரு ஆளைப் பாருங்கள். முதுகில் தண்ணீர் நிரப்பிய தாங்கி. கையை மூடிய சேட்டு, முகத்தில் கட்டிய துணி, அதற்கு மேல் தொப்பி. கால் சேற்றில். தாங்கியை இறக்கினால், வார் இழுபட்ட இடத்தைச் சுற்றிச் சேட்டில் வெள்ளைக் கோடு கோடாக உப்புப் படிந்திருக்கும். கச்சானில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போனது என்று அவனுக்கே தெரியாது. அந்த உப்புக்கோடுதான் கணக்கு.

பங்குனி, சித்திரையில் வேறு மாதிரி. காற்று நின்றுவிடும், ஈரம் கூடும். மழைநாளில் கொடியில் போட்ட உடுப்புக் காயாத மாதிரி, வியர்வை வழியும், காயாது. வழிகிற வியர்வையால் ஒரு பிரயோசனமும் இல்லை. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஒரு லீற்றர் வியர்வை முழுக்கக் காய்ந்தால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். சும்மா இருக்கிற உடம்பே 100 வாட் அளவு வெப்பத்தை உண்டாக்குகிறது. மண்வெட்டி வேலை என்றால் அது நான்கு மடங்குக்குப் போகும். வியர்வை காயாத காற்றில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 பாகை காட்டினால் நிழலில் சும்மா இருக்கிற மனிதனும் தாங்கமாட்டான் என்று 2010இல் கணக்குப் போட்டார்கள். 2022இல் பென்சில்வேனியாவில் ஆரோக்கியமான இளம் ஆட்களை அறைக்குள் விட்டு அளந்தபோது, ஈரமான காற்றில் அந்த எல்லை 31 பாகைக்குக் கிட்டவே வந்துவிட்டது.

இப்போது “பழகிட்டு” என்கிற கதைக்கு வருவோம். உடம்பு பழகும், உண்மை. ஒன்று, இரண்டு கிழமை தொடர்ந்து வெயிலில் வேலை செய்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் வரும், வியர்வையில் உப்புக் குறையும், இதயம் முன்பைப்போல் அடித்துக்கொள்ளாது. தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் புதிய தொழிலாளர்களைச் சூடான அறைகளில் பழக்கித்தான் கீழே இறக்கினார்கள். ஆனால் பழகிய உடம்பு முன்னரைவிடக் கூடுதலாக வியர்க்கிறது. அதாவது பழகியவனுக்குத்தான் தண்ணீர் கூட வேணும். எங்கட ஊரில் இதைத் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறோம். “பழகின ஆள், தண்ணிகூடக் குடிக்கமாட்டான்” என்று புகழ்வோம். இன்னொன்று, சில கிழமை வெயிலை விட்டு இருந்தால் இந்தப் பழக்கம் கழன்றுவிடும். கொழும்பில் கடையில் நின்றுவிட்டு அறுவடைக்கு வருகிற பொடியன் முதல் நாளே சித்தப்பாவோடு போட்டிபோட்டு வேலை செய்யக்கூடாது. வெயிலால் வேலைத்தளத்தில் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் முதல் சில நாட்களில் போனவர்கள்.

பழக்கம் எட்டாத இடங்களும் உடம்புக்குள் உண்டு. வெயிலில் இரத்தம் தோலுக்கு ஓடுகிறது. அது குடலிடமும் சிறுநீரகத்திடமும் இருந்து எடுத்த இரத்தம். இரத்தம் குறைந்த குடலின் சுவர் கசிகிறது. குடல் கிருமிகளின் நச்சு இரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்க மெல்லிய அழற்சி. ஒரு நாள் நடந்தால் இரவோடு சரியாகிவிடும். மாதக்கணக்கில் ஒவ்வொரு நாளும் நடந்தால்?

சீனி வருத்தம் உள்ளவருக்கு இது இரட்டை அடி. இலங்கையில் 2018–19இல் எடுத்த தேசிய ஆய்வில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்த வருத்தம் இருந்தது. ஆகவே வட்டையில் நிற்கிற பத்துப் பேரில் இரண்டு பேரைப் பற்றித்தான் பேசுகிறோம். வெயிலில் வேலை செய்யும்போது அவதிச் சுரப்புகள் கூடி ஈரல் சீனியை வெளியே தள்ளும். தண்ணீர் குறைந்த இரத்தத்தில் சீனியின் செறிவு ஏறும். ஏறிய சீனி சிறுநீரோடு இன்னும் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். பல வருட வருத்தக்காரருக்கு நரம்பு பழுதாகி வியர்வையே சரியாக வராது. அதற்கு மேல் பிரசருக்குத் தண்ணீர் போகிற குளிசை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது “நான் வெயிலில் வேலை செய்கிற ஆள்” என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். நாங்கள் சொல்வதே இல்லை.

இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல். கென்யாவில் தடாப் அகதி முகாமின் சூட்டை அளந்து, 25க்கும் 37க்கும் இடையில் ஏறி இறங்குகிற வெப்பத்தில் நான்கு கிழமை இன்சுலினை வைத்துச் சோதித்தார்கள். வீரியம் குறையவில்லை என்று 2021இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் அறிவித்தன. கரண்ட் போனால் பதறவேண்டாம். ஈர மணலுக்குள் வைத்த மண்பானை இப்போதும் வேலை செய்யும். தகரக் கூரைக்குக் கீழே, அலுமாரி மேல் மட்டும் வைக்காதீர்கள்.

சிறுநீரகக் கதையை எங்கட அம்பாறை மாவட்டத்தில் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மகாஓயா, தெஹியத்தகண்டிப் பக்கம் அது எத்தனை வீட்டுக்குள் போயிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். 90களில் வடமத்திய மாகாணத்தில் கவனிக்கப்பட்ட இந்தச் சிறுநீரக நோய்க்குத் தண்ணீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனம் என்று பல காரணம் சொன்னார்கள். 2015இல் கிளைபோசேற்றைத் தடைசெய்தும் பார்த்தார்கள். வெயிலும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் மத்திய அமெரிக்காவைக் காட்டுகிறார்கள். எல் சல்வடோர், நிகரகுவாவில் கரும்பு வெட்டுகிற இளம் ஆண்கள் இதேபோல் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நிகரகுவாவின் சிச்சிகல்பாவில் ஒரு கரும்பாலையில் தண்ணீர், நிழல், கட்டாய ஓய்வு என்ற மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்தபோது பாதிப்புக் குறைந்தது. எங்கட நாட்டில் வெயில் மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. இதே வெயிலில் நிற்கிற கரையோர ஊர்களில் அந்த நோய் அப்படிப் பரவவில்லை. ஆனால் ஏற்கெனவே அடிவாங்கிய சிறுநீரகத்துக்கு வெயில் இன்னொரு அடி என்பதில் சந்தேகம் வேண்டாம்.

தாகத்துக்கு எதைக் குடிக்கிறோம் என்பதும் இதில் சேர்கிறது. மெக்சிக்கோவில் எலிகளைச் சூட்டில் வாட்டி, தாகத்துக்குப் பழச்சீனி கலந்த பானத்தைக் கொடுத்தபோது வெறும் தண்ணீர் குடித்த எலிகளைவிடச் சிறுநீரகம் மோசமாகப் பழுதானது. எலிதான். ஆனாலும் களவெட்டியில் பெரிய சோடாப் போத்தலைச் சுற்றுக்கு விடுகிற வழக்கத்தை இதற்குப் பிறகு நான் நல்ல கண்ணால் பார்க்கவில்லை. தண்ணீர், மோர், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், பழஞ்சோற்றுத் தண்ணீர். கடும் வியர்வை என்றால் ஒரு ஜீவனி உப்புக்கரைசல். இவை இருக்கும்போது சோடா எதற்கு?

மூளை விடயம் எனக்குப் பிள்ளைகளோடு சம்பந்தப்பட்டது. 2016 கோடையில் பொஸ்டனில் வெப்ப அலை. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 44 பல்கலைக்கழக மாணவர்களை 12 நாள் பின்தொடர்ந்தார்கள். ஒரு பகுதியினர் ஏசி உள்ள விடுதியில், மற்றவர்கள் ஏசி இல்லாத விடுதியில். காலையில் எழும்பியதும் கைபேசியில் சின்னச் சோதனை. ஏசி இல்லாதவர்கள் விடை சொல்ல ஏறத்தாழ 13 வீதம் கூட நேரம் எடுத்தார்கள், கூட்டல் கழித்தலிலும் பின்தங்கினார்கள். எல்லாரும் இளவட்டம், நோய் நொடி இல்லாதவர்கள். 2020இல் வந்த இன்னொரு ஆய்வு ஒரு கோடி அமெரிக்க மாணவர்களின் பரீட்சைப் புள்ளிகளை எடுத்தது. ஏசி இல்லாத பாடசாலையில், பள்ளி வருடத்தின் சராசரி வெப்பம் ஒரு பாகை பரனைட் கூடினால் அந்த வருடப் படிப்பில் ஒரு வீதம் குறைகிறது.

இப்போது கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் உள்ள டியூசன் கொட்டில்களை நினைத்துப் பாருங்கள். மேலே தகரம் அல்லது சீற்று, பக்கச் சுவர் அரைவாசி, வாங்கில் நெருக்கியடித்துப் பிள்ளைகள், ஒரு மூலையில் சத்தம் போடுகிற காற்றாடி. சனி ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே பௌதிகவியல். பிள்ளை கொட்டாவி விட்டால் “படிப்பில கவனமில்ல” என்று ஏசுவோம். காசு கட்டி அனுப்புகிற உம்மாவும் அம்மாவும் கூரை என்ன என்று கேட்டதே இல்லை. நானும்தான்.

இரவு இன்னும் மோசம். 1990 வன்செயலில் ஊரை விட்டு ஓடி, பிறகு திரும்பி வந்த எங்களுக்கும், சுனாமிக்குப் பிறகு வீடு கிடைத்த கரையோர மக்களுக்கும் கிடைத்தது தகரமும் சீற்றும் கொங்கிறீற்றும்தான். கிடுகு வீடு இரவில் ஆறிவிடும். கொங்கிறீற்று பகலில் வாங்கிய சூட்டைச் சாமத்தில்தான் திருப்பித் தருகிறது. தூக்கம் கெட்டால் என்ன ஆகும்? 1999இல் சிகாகோவில் இளைஞர்கள் 11 பேரை ஆறு இரவு நாலு மணித்தியாலம் மட்டும் தூங்கவிட்டார்கள். அந்த ஆறு நாளிலேயே அவர்களின் உடம்பு சீனியைக் கையாள்கிற விதம் நோயாளிகளின் பக்கம் சாய்ந்தது. மூளை தன் கழிவுகளைக் கழுவி வெளியேற்றுவதும் பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில்தான். சோனா தருகிற நன்மையை எங்கட இரவுகள் எங்கே விட்டுவைக்கும்?

வெப்பத்தாக்கு என்பது இதையெல்லாம்விட அவசரமானது. 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய மாணவன் ஒருவன் இறந்துபோனான். அந்த மரணத்தின் காரணம் பற்றி நான் பேசவரவில்லை. அதற்குப் பிறகாவது இல்ல விளையாட்டுப் போட்டி நடத்துகிற ஒவ்வொருவரும் ஒரு அறிகுறியைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும்: வெயிலில் நிற்கிற ஆள் உளறத் தொடங்கினால், தள்ளாடினால், கோபப்பட்டு ஏசினால் அது மூளை சூடேறியதன் அடையாளம். உடம்பின் உட்சூடு 40ஐத் தாண்டினால் முதலில் செத்துப்போகிற உயிரணுக்களில் சிறுமூளையின் உயிரணுக்களும் உண்டு. உயிர் தப்பியவர்களில் சிலருக்கு நடை, பேச்சுத் தடுமாற்றம் நிரந்தரமாகிவிடுகிறது. 1990 சுவசெரியவுக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்குத் தூக்கி, உடுப்பைத் தளர்த்தி, கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி விசிறுங்கள். உளறுகிறவருக்கு வாயில் ஒன்றும் பருக்காதீர்கள்.

வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் எங்கட எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நேபாளத்திலிருந்து கட்டாருக்குப் போய் 2009க்கும் 2017க்கும் இடையில் இதய நோயால் இறந்ததாக எழுதப்பட்ட 571 பேரில் 200 பேர்வரை வெயிலிலிருந்து காத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று ஒரு ஆய்வு கணக்கிட்டது. அதே கட்டார் 2021இல் சட்டத்தை மாற்றியது: யூன் 1 தொடக்கம் செப்ரெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3.30 வரை வெயிலில் வேலை இல்லை. வெயிலும் ஈரமும் காற்றும் சேர்த்துப் பார்க்கிற அளவுகோல் 32.1ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் நிறுத்தவேண்டும். அங்கே கொடுமை முடிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கட்டாரில் கொங்கிறீற்று இழுக்கிற எங்கட பொடியனுக்கு உள்ள மணிக்கணக்கு, சொந்த ஊர் வட்டையில் நிற்கிற அவன் தகப்பனுக்கு இல்லை.

தமிழ்நாட்டில் இதை அளக்கத் தொடங்கிவிட்டார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் குழுவினர் உப்பளங்களிலும் செங்கல் சூளைகளிலும் வயல்களிலும் கருவிகளோடு போய் நிற்கிறார்கள். வேலைக்குப் போகிற கர்ப்பிணிகள் 800 பேரைப் பின்தொடர்ந்து, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு வாய்ப்பு இரண்டு மடங்கு என்று கண்டவர்கள் அவர்கள்தான்.

எங்கட பக்கம்? தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இதே சம்மாந்துறையில்தான் இருக்கிறது. அங்கே படிக்கிற, படிப்பிக்கிற யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். பத்து டியூசன் கொட்டில், நாலு பேக்கரிப் போறணையடி, இரண்டு நெல் மில், மருதமுனையில் ஒரு தறிக்கொட்டில், கச்சான் காலத்தில் ஒரு வட்டை. இவற்றில் வெப்பத்தையும் ஈரத்தையும் ஒரு வருடம் அளந்து தாருங்கள். எங்களிடம் இருப்பது வாய்க்கதை மட்டும்தான்.

வட்டவிதானைமாருக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் இன்னொன்று. சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கிற திகதி, விதைக்கிற திகதி, வேலி அடைக்கிற திகதி எல்லாம் தீர்மானிக்கிறோம். அதோடு மத்தியானம் 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் கூலிக்கு ஆள் இறக்குவதில்லை என்ற ஒரு தீர்மானத்தையும் எழுதுங்கள். போடிமாரும் முல்லைக்காரரும் ஒரே கூட்டத்தில்தான் இருப்பார்கள், கையோடு முடியும். ஒவ்வொரு மதகடியிலும் ஒரு கிடுகு வாடி, ஒரு தண்ணீர்ப் பானை. டியூசன் நடத்துகிறவர்கள் தகரத்துக்கு மேல் கிடுகு போடுங்கள், மத்தியான வகுப்பைக் காலைக்கு மாற்றுங்கள். நோர்வே மச்சான் இதை வாசிப்பான் என்று தெரியும். உன் பங்குக்கு நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்புக்குக் கூரைக்கடியில் தட்டு அடிக்கக் காசு அனுப்பு.